கோட்டைப் படத்தில் ஆள் எங்கே?

கோட்டையைப் படம் எடுக்கிறவர்களுக்கு மனுசர்களைப் பிடிப்பதில்லை. வெள்ளைக்காரன் காலத்துப் புகைப்படமானாலும் சரி, சுற்றுலாக் காலண்டரில் வருகிற படமானாலும் சரி, கல் இருக்கும், வானம் இருக்கும், ஓரத்தில் ஒரு மரம் இருக்கும். ஆள் மட்டும் இருக்காது. தப்பித் தவறி ஒருத்தர் நின்றால் தூண் எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காக நிற்பார். அவருக்குப் பெயர் கிடையாது, அவர் ஒரு அளவுகோல். இதை ரசனை என்று சொல்கிறார்கள். இந்த ரசனை யாருடையது, எங்கிருந்து வந்தது, யாரைத் துடைத்துவிட்டு நிற்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பண்ணைப்புரத்தில் இருந்துகொண்டு கோட்டையைப் பற்றி எழுதுவானேன் என்று தோழர்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் கோட்டை கிடையாது. மேற்கே மலை இருக்கிறது, கீழே கம்பம் பள்ளத்தாக்கின் வயலும் தோப்பும் இருக்கின்றன. கேமராவோடு வருகிறவர்கள் இளையராஜா பிறந்த ஊர் என்று தேடி வருகிறார்கள், போகிறார்கள். ஆனால் கோட்டை எங்களிடம் வேறொரு பாதையில் வந்து சேர்ந்தது. போட்டா ஸ்டுடியோவின் திரைச்சீலையாக வந்தது.

பழைய ஸ்டுடியோக்களை நினைத்துப் பாருங்கள். பின்னால் ஒரு துணி தொங்கும். அதில் படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், உருண்டைத் தூண், தூரத்தில் கூம்புக் கோபுரம் வைத்த சீமை அரண்மனை, அதன் காலடியில் அன்னம் நீந்துகிற ஏரி. வரைந்தவர் சீமையைப் பார்த்திருக்க மாட்டார். ஏதோ காலண்டரிலிருந்தோ பிஸ்கட் டப்பா மூடியிலிருந்தோ எடுத்திருப்பார். எங்க அப்பத்தாவும் தாத்தாவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரே படம் அப்படியொரு துணிக்கு முன்னால்தான். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், துண்டு தோளில் கிடக்கிறது. 'ஊருக்குள்ள அவுக முன்னால துண்டெ இடுப்புலதான் கட்டணும். அந்தப் போட்டாக்காரரு, தோள்ல போடுங்கய்யா, நல்லா விழும்னாரு. உங்க தாத்தா ஒரு நிமிசம் வாசலத் திரும்பிப் பாத்துட்டுத்தான் போட்டாரு' என்று அப்பத்தா சொல்லும்.

அந்தத் துணிக்கோட்டையைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. 'மனக்கோட்டை' என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறதே, அதற்கு வண்ணம் அடித்துத் தொங்கவிட்டதுதான் அது. பொய்க்கோட்டைதான். ஆனால் அந்தப் பொய்க்கோட்டைக்கு முன்னால் எங்கள் ஆள் நாற்காலியில் உட்கார முடிந்தது. நிஜக் கோட்டையின் படத்தில்தான் அவர் இல்லை. இந்த முரண் ஏன் என்று பார்க்க, துணியில் வரைந்திருந்த சீமைக்கே ஒருதரம் போய் வர வேண்டும்.

2

கோட்டையைப் படம் எடுப்பது பிரிட்டனில் புகைப்படக்கலை பிறந்தபோதே பிறந்துவிட்டது. காகித நெகட்டிவ் முறையைக் கண்டுபிடித்த ஃபாக்ஸ் டால்போட், வால்டர் ஸ்காட்டின் கதைகளில் வருகிற ஸ்காட்லாந்து இடங்களைத் தேடிப் போய்ப் படம் எடுத்து 1845இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டார். அடுத்த பத்துப் பதினைந்து வருசத்துக்குள் ரோஜர் ஃபென்டன் போன்றவர்கள் இடிந்த கோட்டைகளையும் மடாலயங்களையும் வரிசையாக எடுத்தார்கள். இடிபாட்டை அழகாகப் பார்க்கிற கண் ஓவியர்களிடமிருந்து வந்தது. கேமரா அதை வாங்கிக்கொண்டது.

கோட்டை என்பது அடிப்படையில் ஒரு ஆயுதம். இடிந்த பிறகு அது அழகாகிவிடுகிறது. யாருக்கு எதிராக அது கட்டப்பட்டது என்பது மறந்துபோன பிறகுதான் இந்த அழகு சாத்தியம். வேல்ஸ் நாட்டில் கான்வி, கெர்நார்வன் என்று இரண்டு கோட்டைகள் இருக்கின்றன. உலகத்தில் அதிகம் படம் எடுக்கப்பட்ட கோட்டைகளில் சேர்ந்தவை. 1986இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வேல்ஸை அடக்கிய இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்ட் 1283இல் கட்டத் தொடங்கியவை இவை. கோட்டையோடு ஒட்டி மதில் சூழ்ந்த ஒரு ஊரையும் கட்டி, அதில் இங்கிலாந்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடிவைத்தான். அந்த மண்ணின் வேல்ஸ்காரர்கள் மதிலுக்குள் குடியிருக்கவோ நிலம் வாங்கவோ தடை இருந்தது. ஊர் உள்ளே, அந்த மண்ணின் ஆள் வெளியே. இந்த வரைபடம் நமக்குப் புதுசா என்ன? ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். அங்கே இருந்தது பிறப்போடு ஒட்டிய தீட்டு இல்லை. அந்தத் தடைகள் காலப்போக்கில் உதிர்ந்துபோயின. மதில் படமாக மட்டும் மிஞ்சியது. நம் ஊரில் மதில் இல்லாமலேயே தடை நிற்கிறது. அதனால்தான் அதைப் படம் எடுப்பது கஷ்டம்.

அதே வேல்ஸில் பென்ரின் என்றொரு கோட்டை. பார்க்க ஆயிரம் வருசப் பழசு மாதிரி இருக்கும். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் முன்பகுதியில் கட்டியது. காசு இரண்டு வழியில் வந்தது. ஒன்று ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பு, மற்றது பக்கத்துச் சிலேட்டுக்கல் குவாரி. அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது கோட்டைக்காரருக்கு 764 மனிதர்களை 'இழந்ததற்காக' 14 ஆயிரம் பவுனுக்கு மேல் அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்தது. அந்த 764 பேருக்கு ஒரு காசு கிடையாது. குவாரித் தொழிலாளிகள் 1900 முதல் 1903 வரை மூன்று வருசம் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'இந்த வீட்டில் துரோகி இல்லை' என்று ஜன்னலில் அட்டை எழுதி வைத்தார்கள். பட்டினியில் தோற்றார்கள். கோட்டைப் படத்தில் ஜமைக்காவும் இல்லை, அந்த ஜன்னல் அட்டையும் இல்லை. இன்னொரு கோட்டையான போவிஸில் திப்பு சுல்தானின் கூடாரத்துணி இருக்கிறது. 1799இல் சீரங்கப்பட்டணம் விழுந்தபோது சென்னையில் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் குடும்பக் கோட்டை அது. தங்கள் பொறுப்பில் உள்ள 93 இடங்களுக்குக் காலனியத்தோடும் அடிமை வியாபாரத்தோடும் உறவு உண்டு என்று நேஷனல் டிரஸ்ட் 2020இல் அறிக்கை வெளியிட்டபோது அங்கே பெரிய கூச்சல் கிளம்பியது. அழகான படத்தை ஏன் கெடுக்கிறாய் என்பதுதான் அந்தக் கூச்சலின் சாரம்.

3

இந்தக் கண்தான் கப்பலேறி மதுரைக்கு வந்தது. லின்னேயஸ் டிரைப் என்பவர் கம்பெனிப் பட்டாளத்தில் கேப்டன். சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு, சீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டியில் கருவிகளை ஏற்றிக்கொண்டு சுற்றினார். மதுரைப் படங்கள் 1858இல் தொகுப்பாக வந்தன. திருமலை நாயக்கர் அரண்மனை அன்றைக்கு இடிந்து கிடந்தது. நேப்பியர் கவர்னராக வந்து பழுது பார்ப்பதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்பதை இன்றைக்கு அவர் படத்தில்தான் பார்க்க முடிகிறது. வேலை நுணுக்கமானது, அதில் சந்தேகமில்லை. 2015இல் லண்டன் வரைக்கும் அவருக்குக் கண்காட்சி வைத்தார்கள்.

அந்தப் படங்களில் நகரம் காலியாக இருக்கிறது. 1858இல் மதுரை காலியாகவா கிடந்தது? மெழுகு தோய்த்த காகித நெகட்டிவில் ஒளி பதிய நிமிடக் கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் நடந்து போகிறவர் பதிவாக மாட்டார். சும்மா நிற்கிறவர் பதிவாவார். சும்மாட்டோடு தண்ணி தூக்கிப் போகிறவர், கூட்டுகிறவர், மண் சுமக்கிறவர் யாரும் பதிவாக மாட்டார்கள். அதாவது உழைக்கிற உடம்பு அந்தத் தொழில்நுட்பத்துக்குக் கண்ணுக்குத் தெரியாது. இதில் அவர் குற்றம் ஒன்றும் இல்லை என்று சொல்லலாம். சரி. ஆனால் வெறும் வெள்ளையாக விழுந்த வானத்தில் நெகட்டிவின் மேல் மேகத்தைக் கையால் வரைந்து சேர்த்தவரும் அவர்தான். இல்லாத மேகத்தைச் சேர்க்க மனசு இருந்தது. இருந்த மனுசனைக் காணோமே என்று தோன்றவில்லை. எனவே தொழில்நுட்பத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. தொழில்நுட்பம் விட்டுப்போனதை ரசனை ஏற்றுக்கொண்டது.

மீனாட்சி கோவிலின் மண்டபங்களையும் தூண்களையும் எடுத்தார். கோவில் நகைகளைப் பரப்பி வைத்துக்கூடப் படம் எடுத்தார். இந்தப் படங்கள் 1858இல் சீமைக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. மதுரையைச் சுற்றியிருந்த சேரிக்காரர் அந்தக் கோவிலுக்குள் கால் வைத்தது 1939 ஜூலை 8ஆம் தேதி. இடையில் 81 வருசம். நம் கண்ணுக்கு மறுக்கப்பட்டது காகிதமாகக் கடல் கடந்து போனது. 'படம் எல்லாருக்கும் பொது' என்று பேசுகிறவர்கள் இந்த 81 வருசத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்த மதுரைத் தொகுப்பில் ஒரு விளக்குத்தூணின் படமும் உண்டு. மதுரைக்காரர்களுக்கு 'விளக்குத்தூண்' என்றால் இடம் தெரியும். கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. 1840 வாக்கில் மதுரைக் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தவர் அவர். அந்த இடிப்பில் பிறந்தவைதான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். அளந்த மாரட்டுக்கு ஒரு வீதி, மேற்பார்த்த மேஸ்திரிக்கு ஒரு வீதி, உத்தரவு போட்ட கலெக்டருக்கு ஒரு தூண். கல்லைப் பெயர்த்தவருக்கும் கூடை சுமந்தவருக்கும் ஒரு முடுக்கு கூடக் கிடையாது. பேரு கலெக்டர்கிட்ட இருந்து இறங்கி வந்து மேஸ்திரியோட நின்னுபோச்சு. கட்டியபோதும் இல்லை, இடித்தபோதும் இல்லை, படம் எடுத்தபோதும் இல்லை.

தஞ்சாவூரில் அவர் பெரிய கோவிலின் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாக எடுத்து 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். உழைப்பு மலைக்க வைக்கிறது. அந்தக் கோவிலின் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்ற சொற்கள் இருக்கின்றன. வரி நீக்கப்பட்ட நிலக்கணக்கில் வருகின்றன. கல்வெட்டு நமக்காகப் பரிந்து எழுதவில்லை, கணக்குக்காக எழுதியது. ஆனாலும் எழுதியது. கல்லே ஒத்துக்கொண்டதைக் கல்லின் படம் ஒத்துக்கொள்ளவில்லை.

4

தமிழ்நாட்டில் இங்கிலீஷ்காரனே கட்டிய கோட்டை சென்னையின் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. 1640இல் தொடங்கியது. சட்டசபை இன்றும் அதற்குள்தான் நடக்கிறது. 'கோட்டையப் பிடிக்கிறது' என்று நாம் பேச்சில் சொல்வதே அதை வைத்துத்தான். பழைய படங்களில் கோட்டையைச் சுற்றி விரிந்த வெட்டவெளி தெரியும். பார்க்க அழகு. அந்த வெட்டவெளி இயற்கை இல்லை. உள்ளே வெள்ளையர் பட்டணம், வடக்குச் சுவருக்கு வெளியே கறுப்பர் பட்டணம் என்று இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டைகளை ஒட்டி, பீரங்கி சுடுவதற்கு இடம் வேண்டுமென்று கறுப்பர் பட்டணத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இனி இந்தப் பக்கம் யாரும் கட்டக்கூடாது என்று 1773இல் எல்லைத்தூண் நட்டார்கள். இடித்த மனையில்தான் பிற்பாடு ஹைகோர்ட் கட்டி 1892இல் திறந்தார்கள். ஆக, படத்தில் 'காலி இடம்' என்று தெரிவது பலபேர் வீடு இருந்த இடம்.

வடக்கே தள்ளிப்போன கறுப்பர் பட்டணத்திலும் சாதிவாரியாகத் தெரு பிரிந்தது. பழைய வரைபடங்களில் 'பெரிய பறச்சேரி' என்று பெயர் போட்டே இருக்கிறது. வரைபடத்துக்கு நம் இடம் தெரிந்திருக்கிறது, வரி வாங்க வேண்டுமே. கோட்டைப் படத்துக்குத் தெரியவில்லை. வரைபடம், கல்வெட்டு, கணக்குப் புத்தகம் ஆகிய மூன்றிலும் இருக்கிற நாம் படத்தில் மட்டும் இல்லையென்றால், படத்தை மற்ற மூன்றோடும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். தனியாகப் படித்தால் படம் பொய் சொல்லும்.

கோட்டையைப் பார்க்கப் போவது நமக்கு என்னவாக இருந்தது என்பதற்கு அம்பேத்கரைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1934இல் சுமார் 30 தோழர்களோடு எல்லோரா குகைகளைப் பார்க்கப் போகிற வழியில் தவுலதாபாத் கோட்டைக்குப் போனார். வாசலருகே ஒரு குளம். புழுதிப் பயணம், முகம் கழுவினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கிழவர் ஓடிவந்து குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. கோட்டைக்குள் எங்கேயும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் ஏந்திய ஒரு சிப்பாய் கூடவே வர, கோட்டையைப் பார்த்தார்கள். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். அமெரிக்காவிலும் லண்டனிலும் டாக்டர் பட்டம் வாங்கியவருக்கு இந்தக் கதி. தவுலதாபாத் கோட்டைக்கு ஆயிரக்கணக்கில் படம் இருக்கும். அதன் வாசல் குளத்தைப் பார்த்ததும் இந்தக் கதை நினைவுக்கு வருகிறவர் எத்தனை பேர்?

5

இது வெள்ளைக்காரன் காலத்தோடு போய்விட்டதா? இல்லை. இப்போது போனிலேயே வந்திருக்கிறது. படத்தின் பின்னால் நிற்கிற ஆளை விரலால் தடவினால் காணாமல் போய்விடுகிறார். டிரைப்புக்கு நிமிடக் கணக்கில் ஆனது நமக்கு ஒரு நொடியில் ஆகிறது. நாயக்கர் மகாலில் கல்யாணப் படம் எடுக்கிற பையன் தூண்களுக்கு நடுவே பெருக்கிக்கொண்டிருக்கிற அம்மாவைத்தான் முதலில் தடவி அழிக்கிறான். அந்தப் பையன் பல சமயம் நம்ம காலனிப் பையன் என்பதுதான் வயிற்றெரிச்சல். 1995இல் வெளிவந்த 'பம்பாய்' படத்தின் பாட்டை அதே மகாலில்தான் எடுத்தார்கள். அதற்கப்புறம் தூண் என்றாலே பாவாடை சுழலுகிற இடம் என்று ஆகிவிட்டது.

இதைவிட முக்கியமான விசயம் நம் தெருமுனை ஃப்ளெக்ஸ். தென் மாவட்டங்களில் சாதிக்காரர்கள் வைக்கிற ஃப்ளெக்ஸில் பின்னால் ஒரு கோட்டை, பக்கத்தில் ஒரு சிங்கம், மேலே 'ஆண்ட பரம்பரை'. கொஞ்சம் உற்றுப் பாருங்கள், பல கோட்டைகள் நம் நாட்டுக் கோட்டையே கிடையாது, எங்கிருந்தோ இறக்கிய சீமைக் கோட்டை. ஸ்டுடியோ திரைச்சீலையில் இருந்த அதே கோட்டை ஃப்ளெக்ஸுக்கு ஏறியிருக்கிறது. ஆனால் வேலை மாறிவிட்டது. அன்றைக்கு அது ஒரு கூலிக்காரனைத் துண்டைத் தோளில் போடச் சொன்னது. இன்றைக்கு இன்னொருத்தன் துண்டை இறக்கச் சொல்கிறது.

இதற்குப் பதிலாக நம் பிள்ளைகளும் 'நாங்களும் ஆண்டவங்கதான்' என்று கோட்டை வைத்து ஃப்ளெக்ஸ் அடிக்கிறார்கள். அவர்கள் மனசு புரிகிறது. நூற்றாண்டுகளாகக் குனியச் சொன்னவன் முன்னால் நிமிர்வதற்கு ஒரு பிடி வேண்டும். 'நீ மட்டுந்தான் ராசாவா' என்று கேட்பதில் ஒரு ரோசம் இருக்கிறது. அதைக் கொச்சைப்படுத்த நான் தயாரில்லை. ஆனால் தோழர்களே, வரலாற்றில் யார் ஆண்டார் என்பது ஆராய்ச்சிக்குரிய கேள்வி, ஆராயட்டும். படத்தின் அரசியல் வேறு. கோட்டைக்கு முன்னால் கிரீடத்தோடு நம் ஆளை நிறுத்தினால் ஆள் மாறுகிறார், படம் மாறவில்லை. அதே கல், அதே மேகம், அதே காலி வெளி. கல் சுமந்தவர் இன்னமும் படத்துக்கு வெளியேதான். இப்போது அவரை வெளியே தள்ளியது நாம். ஆண்டவன் பேரன் என்று சொன்னால்தான் மரியாதை என்றால், கட்டினவன் பேரனுக்கு மரியாதை கிடையாது என்று நாமே எழுதிக் கொடுத்தது ஆகாதா?

எங்கள் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை ஒரு சீமைக்காரரின் படம் தொங்குகிறது. முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுவிக் படம். 1895இல் முடிந்த அந்த அணையால்தான் இங்கே நெல் விளைகிறது. நன்றி சரிதான். லோயர் கேம்ப்பில் மணிமண்டபமும் இருக்கிறது. அந்தக் காட்டில் காய்ச்சலிலும் காலராவிலும் செத்துப்போன கூலியாட்களின் படம் ஒரு வீட்டில் உண்டா? அவர் படத்தை இறக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு ஆணி அடித்துக் காலியாகவாவது விட்டிருக்கலாம் என்கிறேன்.

6

மாற்று ஏற்கெனவே தொடங்கிவிட்டது. மதுரையின் பழனிகுமார், மலக்குழியில் இறங்குகிறவர்களைப் பெயரோடும் குடும்பத்தோடும் படம் எடுத்தார். 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் (2017) கேமராவிலும் அவர் கை இருக்கிறது. அந்தத் தொழிலாளிகளின் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்தவரும் அவர். வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் 2020 ஊரடங்கில் வீடு திரும்பி, சொந்த வீட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற மனுசர்களையே எடுத்தார். கோட்டை வேண்டாம், வீடு போதும் என்ற துணிச்சல் அது. இந்த இருவரின் படங்களிலும் ஆள் அளவுகோலாக நிற்பதில்லை. ஆளை வைத்துத்தான் மற்றதை அளக்க வேண்டியிருக்கிறது.

அதற்காகக் கோட்டையை நாம் கைவிட வேண்டுமா? கூடாது. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. இனிமேல் படம் இன்னும் அதிகமாகும். கோட்டையை நாயக்கர் வைத்திருந்தார்கள், பீஜப்பூர் சுல்தான் வைத்திருந்தார், சிவாஜி வைத்திருந்தார், மொகலாயர் வைத்திருந்தார்கள், பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன் என்று பலகையில் வரிசை எழுதுவார்கள். கை மாறிய வரிசை அது. கை வேலை செய்தவர்களின் வரிசையை எழுத வேண்டியது நம் பாடு.

கேமரா வைத்திருக்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்வது இதுதான். கோட்டைக்குப் போங்கள். எல்லாரும் நிற்கிற மேட்டில் நிற்காதீர்கள், அந்த இடம் ஏற்கெனவே ஒருத்தன் முடிவு பண்ணின இடம். கல் எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்று விசாரித்து அங்கே போய் நில்லுங்கள். அந்தக் குழியில் இன்றைக்கு யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். குளம் இருந்தால் யார் தொட்டது, யார் தொடக்கூடாதென்றது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். கோட்டைக்குப் பக்கத்து ஊரின் சேரி எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து கோட்டை எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு எடுங்கள். பாதிக் கோபுரம்தான் தெரிந்தால் பாதிக் கோபுரம்தான் நம் உண்மை. பெருக்குகிறவரை அழிக்காதீர்கள். 'அக்கா, ஒங்க பேரென்ன, ஒங்களைப் படத்துல வச்சுக்கிறவா' என்று கேளுங்கள். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள், சரியென்றால் படத்துக்குக் கீழே கோட்டையின் பெயருக்கு முன்னால் அவர் பெயரை எழுதுங்கள்.